விலக்கிலிருந்து நாலு கிலோமீட்டர்

முதல் நாள், வியாழன்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சாயல்குடி பஸ் ஏறி ஊர் பேரைச் சொன்னதும் கண்டக்டர் சீட்டுக் கொடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார். "அங்க பஸ் போகாது சார். விலக்குல இறக்கிவிடுறேன். ஆட்டோவுக்குச் சொல்லி வச்சிருக்கீகளா?" இல்லை என்றேன். "அப்ப நடக்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள போயிருங்க."

விலக்கு என்றால் தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் போகிற சாலை பிரிகிற இடம். ஒரு வேப்பமரம், ஒரு நிழற்குடை, முடிந்தால் ஒரு டீக்கடை. இந்தக் கரையில் பல ஊர்களுக்கு விலாசமே விலக்குதான். பஸ் அங்கே நிற்கும். ஊர் கடலோரத்தில் கிடக்கும்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். எண்பதுகளின் கடைசியில் மூன்று வருடம் இந்தக் கரையில் வேலை பார்த்தார். போன வருடம் அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைப் பிரித்தோம். அடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. வீட்டுக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர், பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை. கர்ப்பிணி இருந்தால் சிவப்பு மையில் ஒரு புள்ளி. சுகாதாரத் துறையின் தம்பதியர் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் வீடு வீடாகப் போய்க் கையால் எடுத்த கணக்கு. சிவப்புப் புள்ளி அதிகம் இருந்த பக்கத்தின் ஓரத்தில் "விலக்கிலிருந்து 4 கி.மீ. மணல்" என்று எழுதியிருந்தார். அந்த ஊருக்குத்தான் போகிறேன். ஊரின் பெயரையும் அங்கே பேசுகிறவர்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. சாயல்குடிக்குக் கிழக்கே என்பது போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலை. கீழக்கரை, ஏர்வாடி வரை பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஏர்வாடி தர்காவுக்கு வந்த கூட்டம் இறங்கியதும் பஸ் காலியானது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலும் பனையும்தான். கருவேல முள்ளை வெட்டிக் கரி மூட்டம் போட்ட புகை அங்கங்கே எழுந்தது. இந்த மாவட்டத்துக்கு ரயில் ஒரே கோடு. மானாமதுரையில் பிரிந்து பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் போகிறது. தெற்கே சாயல்குடிக்கும் வடக்கே தொண்டிக்கும் தண்டவாளம் கிடையாது. ஏறக்குறைய 237 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிற மாவட்டம் இது. அதில் பெரும்பகுதி ஊர்களுக்கு பஸ்ஸை விட்டால் வேறு போக்கு இல்லை.

விலக்கில் இறங்கியபோது மணி பத்தரை. நிழற்குடையில் ஒரு ஆடு படுத்திருந்தது. ஆட்டோ எதுவும் இல்லை. நடந்தேன். அம்மா காலத்து மணல் இப்போது தார் ரோடு. ஆனால் பாதி தூரத்தில் தார் பெயர்ந்து ஜல்லி கிடக்கிறது, கடைசி அரை கிலோமீட்டரில் மணல் ஏறி ரோட்டை மூடிவிட்டது. மூன்றாவது கிலோமீட்டரில் ஐஸ் பெட்டி கட்டிய எக்ஸெல் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏறுங்க, பெட்டிய மட்டும் பிடிச்சுக்குங்க" என்றார்.

ஊரில் முதல் வீட்டுத் திண்ணையில் இருந்த அப்பத்தாவிடம் அம்மா பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தது. "நர்ஸம்மா மகனா? தலையில ஈரத் துண்டப் போட்டுக்கிட்டு வரும். செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு வரும்." உள்ளே திரும்பி, "ஏலே, இங்க வா. நீ பிறந்தப்ப தொப்புள்கொடி அறுத்த அம்மாவோட மகன் வந்திருக்காக" என்று கூப்பிட்டது. வெளியே வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வீட்டில்தான் தங்கினேன். அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

நாலு மணிக்கே ஊர் எழுந்துவிட்டது. பெண்கள் முதலில் செய்வது தண்ணீர் பிடிப்பது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊர் முனை வரை வந்திருக்கிறது. வருகிற நாளில் வரும். வராத நாளில் குடம் அடுக்கின தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறார்கள். இதைத் தனியாக எழுத வேண்டும், இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

ஐந்தரைக்கு விலக்கிலிருந்து ஷேர் ஆட்டோ வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பார். ஆளுக்கு இருபது ரூபாய், மீன் கூடைக்குத் தனி. ஏழு பேர் உட்கார்ந்து எட்டாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். எட்டாவது ஆளாக நான் ஏறிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த அக்கா மீன் வியாபாரம் செய்கிறவர். 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. "அது பெரிய விசயம் தம்பி, இல்லேங்கல. விலக்குல ஏறினா சாயல்குடி வரைக்கும் காசு இல்ல. ஆனா விலக்குக்குப் போக நாப்பது, வர நாப்பது." கூடையோடு சேர்த்துச் சொன்னார். டவுன் பஸ்ஸைத் தவற விட்டால் அடுத்து வருவது ரூட் பஸ். அதற்குக் காசு. அவர் நாள் முழுக்க விற்று நிற்கிற லாபத்தில் நாலில் ஒரு பங்கு அந்த நாலு கிலோமீட்டருக்குப் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னபோது எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கரையில் மீன் ஏலம் எப்படி நடக்கிறது என்று அன்று மதியம் பார்த்தேன். கணவாயும் நகரை மீனும் வந்திருந்தன. வியாபாரியின் குட்டியானை ஒன்றே ஒன்று நின்றது. ஏலம் கூறுவதற்கு எதிராளி வேண்டுமே. "ரெண்டு வண்டி வந்தா பேசலாம். ஒரு வண்டி வந்தா அவர் சொன்ன விலை" என்றார் வத்தை என்கிற நாட்டுப் படகு வைத்திருக்கிற ஒருவர். மணல் ஏறின ரோட்டில் வண்டி இறக்கிச் சிக்கிக்கொள்ள வெளியூர் வியாபாரிகள் தயங்குகிறார்கள். அதனால் ரோடு கெட்ட கணக்கு கடைசியில் மீன் விலையில் கழிகிறது.

பள்ளிக்கூடம். ஊரில் தொடக்கப்பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வெளியே போக வேண்டும். அரசு இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிறது, நடை ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பஸ் பாஸ் எல்லோரிடமும் இருக்கிறது, விலக்கு வரை அதற்கு வேலை இல்லை. காலையில் பையன்கள் யாராவது வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகளை அப்படி அனுப்ப மாட்டார்கள். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தால் விலக்கில் இறங்கும்போது இருட்டிவிடும். இரண்டு பக்கமும் முள்ளுக்காடு. யாராவது வண்டியோடு வந்து நிற்க வேண்டும். அப்பா கடலில் இருப்பார். "எட்டோட நின்னுருச்சு" என்ற வார்த்தையை இன்று மட்டும் நாலு வீட்டில் கேட்டேன்.

பிரசவத்துக்கு இப்போது 108 வருகிறது. 2008-ல் ஆரம்பித்த அந்தச் சேவை இந்த ஊரில் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று பெண்கள் நன்றியோடு சொல்கிறார்கள். ஆனாலும் ஒன்பதாம் மாசம் தொடங்கினால் பலர் சாயல்குடியில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்துகொள்கிறார்கள். ராத்திரி மணலில் வண்டி ஏறுமா என்ற பயம். அம்மா போட்ட சிவப்புப் புள்ளிகளை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வண்டி ஊருக்கு வராது, அம்மாதான் ஊருக்கு வந்தார்.

மினிபஸ் வந்ததா என்று கேட்டேன். வந்தது. 1997-ல் தமிழ்நாட்டில் மினிபஸ் திட்டம் வந்து சில வருடங்கள் கழித்து இந்த ஊருக்கு ஒன்று ஓடியது. ஊரே மாலை போட்டு வரவேற்றிருக்கிறது. சில வருடம் ஓடி நின்றுவிட்டது. அதில் கண்டக்டராக இருந்தவர் இதே ஊர்க்காரர். அவர் சொன்ன விவரம் முக்கியமானது. காலை நடையில் ஊரிலிருந்து முப்பது பேர் ஏறுவார்கள். அதே வண்டி திரும்பி வரும்போது இரண்டு பேர். நடுவில் மூன்று நடை காலி. சாயங்காலம் மறுபடி உள்ளே வர முப்பது பேர், வெளியே போக யாரும் இல்லை. "நாலு கிலோமீட்டருக்கு நடுவுல ஒரு ஊரு இருந்தா தப்பிச்சிருக்கும். இது முட்டு ஊரு சார். இதுக்கு அங்கிட்டு கடலு." டீசல் விலை ஏறியதும் முதலில் மத்தியான நடையை நிறுத்தினார்கள். மத்தியானம் வண்டி இல்லை என்றதும் ஆஸ்பத்திரி போகிறவர்கள் ஆட்டோவுக்கு மாறினார்கள். கலெக்‌ஷன் இன்னும் குறைந்தது. பிறகு வண்டியே நின்றது.

ஊரை விட்டு யார் முதலில் போனார்கள் என்றும் அவரையே கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். "பொம்பளப் பிள்ள ஆறாங் கிளாசுக்கு வந்த வீடு." ஆண்கள் தொழிலுக்குக் கரையில் இருந்துகொள்ள, பெண்டு பிள்ளைகள் சாயல்குடியிலோ ராமநாதபுரத்திலோ வாடகைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறைந்தது, காலை நடைக்கு ஏற ஆளும் குறைந்தது.

மூன்றாம் நாள், சனி

அம்மாவின் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக எண்ணினேன். பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண்ணும் அவள் தம்பியும் துணைக்கு வந்தார்கள். அவள் மூன்று பத்தி போட்டாள். புகை வருகிற வீடு, பூட்டின வீடு, வந்து போகிற வீடு. மூன்றாவது பத்தி எனக்குத் தோன்றியிருக்காது. குடும்பம் டவுனில் இருக்கும், ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கே இருக்கும், திருவிழாவுக்கு வீட்டைத் திறந்து வெள்ளையடிப்பார்கள். நூறைத் தாண்டி வீடு இருக்கிறது. தினமும் அடுப்பு எரிவது அறுபதுக்குக் கீழே.

சாயங்காலம் சாயல்குடியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பக்கம் வீடு வீடாகப் போனவர். பதநீர் வாங்கிக் கொடுத்தார், சீசனின் முதல் பதநீர். அந்த வருடம் பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆள் எண்ணினார்கள். அந்த இருபது நாளில் ஒரு நாள்கூட வீட்டில் இல்லாதவரை அந்த வீட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. வளைகுடா நாட்டில் இருக்கிறவர், மங்களூர் பக்கம் தங்கல் போட்டு மீன் பிடிக்கப் போனவர், யாரும் வரமாட்டார்கள். "என் பட்டியல்ல பொம்பளைகளும் கெழவன் கெழவியும்தான் சார் நிறைய" என்றார். மாவட்டம் முழுக்க எடுத்தால் 2011-ல் 13,53,445 பேர். பத்துக்கு ஏழு பேர் கிராமத்தில் இருக்கிறவர்கள். சதுர கிலோமீட்டருக்கு மாநிலச் சராசரி 555 பேர் என்றால் இங்கே அதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடையாது. ஆள் நெருக்கம் குறைவு, ஊர்கள் தள்ளித் தள்ளி.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் இதுவரை யோசித்ததில்லை. கணக்கெடுப்பில் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். அதற்குள் ஏழெட்டுக் குடியிருப்புகள் இருக்கலாம். எல்லாம் ஒரே வரியில் ஒரே எண்ணாக நிற்கும். அந்த வருவாய்க் கிராமத்தின் ஒரு ஓரத்தை மெயின் ரோடு தொட்டுக்கொண்டு போனால், பஸ் வசதி உண்டு என்று விழுந்துவிடும். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஒரு வசதி ஊரில் இல்லை என்றால் தூரத்துக்கு ஒரு எழுத்துப் போடுவார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் 'ஏ', ஐந்து முதல் பத்து வரை 'பி', அதற்கு மேல் 'சி'. எங்கள் நாலு கிலோமீட்டர் 'ஏ'-க்குள் அடங்கிவிடும். பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். கூடையைத் தலையில் வைத்து நடக்கிற அக்காவுக்கு அது பக்கமா?

இந்த எண்களை வைத்துத்தான் ரோடு வருகிறது என்பதால் இதை இவ்வளவு நீட்டுகிறேன். 2000 டிசம்பரில் ஆரம்பித்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேராவது இருக்கிற குடியிருப்புக்குத்தான் இணைப்பு. 2024-ல் அறிவித்த நாலாம் கட்டத்திலும் சமவெளிக்கு 2011 கணக்குப்படி அதே 500. மலைப்பகுதிக்கும் பாலைவனத்துக்கும், ராமநாதபுரம் மாதிரி 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பட்டியலில் இருக்கிறவற்றுக்கும் 250 என்று தளர்த்தியிருக்கிறார்கள். மணல் நகர்ந்து ரோட்டை மூடுகிற கடற்கரைக் குடியிருப்புக்கு அதற்கும் கீழே ஒரு தளர்வு வேண்டும் என்பது என் எண்ணம். அரை கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கிற வீடுகளைச் சேர்த்து எண்ணலாம் என்று விதி சொல்கிறது. இந்த ஊரைச் சுற்றி அரை கிலோமீட்டரில் பாதி கடல்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். என்னோடு வீடு எண்ண வந்த பெண்ணிடம் சொல்லச் சொல்லி ஆசிரியர் சொன்னது இது: கணக்கெடுக்க வருகிறபோது ஆண்களை ஒரு நாளாவது ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

ராத்திரி ஊர்த் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு எழுதிக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. முன்பு கொடுத்த மனுவில் "பேருந்து வசதி வேண்டும்" என்று மட்டும் இருந்ததாம். இந்தத் தடவை அந்தப் பெண்ணே எழுதினாள். விலக்கு வழியாகப் போகிற டவுன் பஸ் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும். நடைக்கு எட்டு கிலோமீட்டர்தான் கூடுதல். எந்த நேரத்துக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்று தனித் தாளில் பட்டியல். மணலைத் தள்ளிக் கொடுக்க ஊர் ஆட்கள் வருவார்கள் என்றும் கடைசியில் சேர்த்தாள்.

நாலாம் நாள், ஞாயிறு

சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து ராமேஸ்வரம், அப்புறம் தனுஷ்கோடி. முழு நாளும் பஸ்ஸில் போனது, குறைவாக எழுதுகிறேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், அதற்கு அந்தப் பக்கம் 1914-ல் திறந்த பழைய பாலம். 1988-ல் சாலைப் பாலம் திறக்கிற வரை தீவுக்கு பஸ்ஸே கிடையாது. ரயில் அல்லது படகு. ராமேஸ்வரம் தீவு முழுவதற்கும் மண்டபம்தான் விலக்காக இருந்திருக்கிறது.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கொண்டுபோனது. ஊரே அழிந்தது. வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தார்கள். அதன் பிறகும் மீனவர்கள் குடிசை போட்டு இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. அதற்கு முன் மணலில் வேன்கள்தான். சங்குக் கடை வைத்திருந்த அம்மா, "ரோடு வந்த பின்னாடி மீன ஐஸ் வச்சு அன்னிக்கே அனுப்பிருறோம். முன்ன கருவாடாத்தான் போகும்" என்றார். ஆள் எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் இங்கே இந்த ரோடு வந்திருக்காது. பார்க்க வருகிறவர்களுக்காக வந்தது, இருக்கிறவர்களுக்கும் ஆயிற்று. எனக்கு அதில் சந்தோஷம்தான். கிழக்கே இவ்வளவு அழகான சாலையில் நின்றுகொண்டு மேற்கே அந்தப் பெயர்ந்த ஜல்லியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒன்பதரைக்கு அவர்களைப் பார்த்தேன். மீன்கார அக்காவும், மனு எழுதின பெண்ணின் அம்மாவும். மூன்று மணிக்கு எழுந்து இருட்டில் விலக்கு வரை நடந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்று பரீட்சை. மனுவை மஞ்சள் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தார்கள்.

மனுவைப் பதிவு செய்து எண் போட்ட சீட்டுக் கொடுத்தார்கள். வரிசையில் இரண்டு மணி நேரம். மனு வாங்கின அதிகாரி பட்டியல் தாளைத் தனியாக எடுத்துப் பார்த்தார். "இந்த நேரம் போட்டது யாரு?" என்று கேட்டார். "எம் பொண்ணு சார்" என்றபோது அந்த அம்மாவின் குரல் உடைந்தது. போக்குவரத்துப் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

சாப்பிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பரீட்சை முடிந்து பிள்ளை விலக்கில் இறங்குகிற நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும், ஆட்டோக்காரர் ஆறு மணிக்கு மேல் இருக்க மாட்டார். இரண்டு வடை மட்டும் கட்டி வாங்கிக்கொண்டார்கள். நடுவில் டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏற வேண்டியதையும் சேர்த்தால் நேரம் சரியாக இருக்கும் என்றார்கள்.

எட்டு மணிக்கு நான் ரயிலுக்காக ஸ்டேஷனில் இருந்தபோது போன் வந்தது. அக்காதான்.

"வந்து சேர்ந்துட்டோம் தம்பி. பஸ்ஸு லேட்டு, ஆட்டோ போயிருச்சு. பிள்ள எங்களுக்காக விலக்குலயே நின்னுச்சு. மூணு பேருமா நடந்து வந்துட்டோம். சீட்டு நம்பர அவ நோட்டுல எழுதிக்கிட்டா. நீங்க சாப்பிட்டீகளா?"